கேக்கும் வெடியும்: வீட்டு நாய், பூனைகளுக்காக ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கினால் நாய்களைக் கவனியுங்கள், பூனையை உள்ளே அடையுங்கள் என்று நாளிதழ்களில் தவறாமல் செய்தி வருகிறது. மக்களும் ஓரளவு பழகிவிட்டார்கள். ஆனால் கிறிஸ்துமஸுக்கு அப்படி யாரும் எழுதுவதில்லை. நாகர்கோவில், தூத்துக்குடி, சென்னை சாந்தோம், பெரம்பூர் என்று தெருத்தெருவாக ஸ்டார் தொங்கும் ஊர்களில் வீட்டுப் பிராணிகளுக்கு டிசம்பரில் வருகிற ஆபத்துகள் தீபாவளி ஆபத்துகள் அல்ல. தீபாவளியில் பயம் வெடிக்கு மட்டும்தான். கிறிஸ்துமஸில் வெடி நள்ளிரவில் வருகிறது; அதற்கு முன்பே கேக், ஒயின், சீரியல் செட், ஜிகினா, முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாம் வந்துவிடுகின்றன. ஆகவே தீபாவளிக்குப் படித்த அறிவுரை இதற்குப் போதாது.

முதலில் கேக். பிளம் கேக்கில் சர்க்கரை இருக்கிறது, அதிகம் கொடுத்தால் வயிற்றுப்போக்கு ஆகும் என்று மட்டுமே பலர் நினைக்கிறார்கள். உண்மையான ஆபத்து அதிலுள்ள உலர் திராட்சை. கிஸ்மிஸ் ஆனாலும் கறுப்புத் திராட்சை ஆனாலும் நாயின் சிறுநீரகத்தை அது பழுதாக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 3 கிராம் அளவிலேயே பாதிப்பு பதிவாகியிருக்கிறது. 5 கிலோ எடையுள்ள ஒரு பொமரேனியனுக்கு 15 கிராம், அதாவது ஒரு கைப்பிடிகூட இல்லை. பழம் தாராளமாகப் போட்டுச் செய்த வீட்டுக் கேக்கில் இரண்டு துண்டிலேயே அது வந்துவிடும். எல்லா நாய்க்கும் ஒரே அளவில் பாதிப்பதில்லை என்பதுதான் இதில் சிக்கல். போன வருஷம் தின்றது, ஒன்றும் ஆகவில்லையே என்பதை வைத்து இந்த வருஷம் கொடுக்க முடியாது. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று சில ஆண்டுகளாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். புளியிலும் அதே அமிலம் இருக்கிறது. புளிக்குழம்புச் சோற்றை நாய்க்கு வைக்கிற வழக்கத்தையும் இந்தச் சாக்கில் விட்டுவிடுவது நல்லது.

திராட்சை தின்ற நாய் முதல் 24 மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். பிறகு தேறியது போலத் தெரியலாம். சிறுநீரகம் செயலிழப்பது அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில். சிறுநீர் குறைவது, வாயில் ஒரு கெட்ட வாடை வருவது, தண்ணீர்கூட இறங்காமல் போவது என்று அறிகுறி தெரியும்போது பாதி வழி போயாகிவிட்டது. அதனால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. தின்றது தெரிந்த உடனே, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், மருத்துவரிடம் கொண்டுபோனால் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்து, இரண்டு நாள் டிரிப் ஏற்றி, 24, 48, 72 மணி நேரத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துக் காப்பாற்றிவிடலாம்.

கேக்கைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அதை யாரும் எச்சரித்துப் பார்த்ததில்லை: வீட்டு ஒயின் வடிகட்டிய சக்கை. ஜாடியில் ஊறப்போட்ட திராட்சையைக் கிறிஸ்துமஸுக்கு ஓரிரு நாள் முன்பு துணியில் பிழிந்து எடுத்துவிட்டு, சக்கையைத் தென்னை மரத்தடியில் கொட்டுகிறோம். அது இனிப்பு வாசனையோடு, மெத்தென்று, ஈ மொய்க்கக் கிடக்கும். நாய் அதை விடாது. அதில் திராட்சையும் இருக்கிறது, சாராயமும் இருக்கிறது, இன்னும் புளித்துக்கொண்டிருக்கும் ஈஸ்ட்டும் இருக்கிறது. தின்ற நாய் தள்ளாடும், உடம்பு சில்லிடும். போதை என்று வீட்டார் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள், இரண்டு நாள் கழித்துச் சிறுநீரகம் நின்றுபோகும். சக்கையைக் குழி தோண்டி, முழங்கை ஆழத்துக்குக் கீழே போட்டு, மேலே கல் வைத்து மூடுங்கள். கேக்குக்காக ரம்மில் ஊறவைத்த பழப் பாத்திரத்தையும் கழுவுகிற இடத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சாக்லேட்டைப் பற்றி ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் எது எவ்வளவு என்பது தெரிவதில்லை. நஞ்சு தியோபுரோமின் என்ற பொருள். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமில் வாந்தி, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாமை தொடங்கும், 40-50-இல் இதயத் துடிப்பு தாறுமாறாகும், 60-இல் வலிப்பு. பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராமும், டார்க் சாக்லேட்டில் 5 மில்லிகிராமும் இருக்கின்றன. கோகோ பவுடரில் 20-க்கு மேல். 10 கிலோ நாய்க்குக் கணக்குப் போட்டால் பால் சாக்லேட் 100 கிராம், டார்க் சாக்லேட் 40 கிராம், கோகோ பவுடர் 10 கிராம் போதும், தொந்தரவு ஆரம்பிக்க. கேக் செய்யும்போது மேடையில் திறந்து கிடக்கும் கோகோ பொட்டலம்தான் இருப்பதிலேயே ஆபத்தானது. நாயின் உடம்பிலிருந்து இது பாதி வெளியேறவே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். சாயங்காலம் தின்றது மறுநாள் காலையிலும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வெந்த எலும்பு பிளந்து ஈட்டி போலக் குத்தும், பிரியாணி எலும்பு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூனைக்கு நாயைவிடக் குறைந்த அளவே போதும், பாதிப்பு தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். பன்றிக்கறிக் கொழுப்பும் பொரித்த எண்ணெயும் கணையத்தை வீங்கவைக்கும். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் சூயிங்கம், மிட்டாய்களில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருந்தால் அரை மணி நேரத்திலேயே நாயின் ரத்தச் சர்க்கரை விழுந்து மயங்கிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களின் கைப்பைகளைத் தரையில் வைக்காமல் உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் ஒன்றிரண்டு கீழே விழுந்து தின்றால் பதற வேண்டியதில்லை. கூடையோடு தின்றால்தான் பிரச்சினை.

எதைத் தின்றிருந்தாலும் உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இது நடக்கிறது. வாந்தி வராவிட்டால் அத்தனை உப்பும் ரத்தத்தில் ஏறி வலிப்பு வரும். சாக்லேட்டில் தப்பியிருக்கக்கூடிய நாய் உப்பில் போய்விடும். பால் ஊற்றினால் விஷம் முறியும் என்பதும் சரியல்ல. பொட்டலத்தை, மிச்சக் கேக்கை, வாந்தியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, நாயின் எடையையும் தின்ற நேரத்தையும் சொன்னால் மருத்துவருக்கு வேலை பாதியாகக் குறையும். மனிதருக்கான பாராசிட்டமால் பூனைக்குக் கூடவே கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

பூனை என்றதும் கிறிஸ்துமஸ் மரத்துக்கு வருவோம். சவுக்குக் கிளையானாலும் பிளாஸ்டிக் மரமானாலும் பூனை ஏறும் என்று வைத்துக்கொண்டே நிறுத்துங்கள். வாளி நிறைய ஈர மணல் போட்டுக் கிளையை நட்டு, மேல்பகுதியை நைலான் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டால் சாயாது. கண்ணாடி உருண்டைகளை மேலே கட்டுங்கள், கீழே இரண்டடி வெறுமையாக இருக்கட்டும். ஆனால் மரம் சாய்வதைவிட ஜிகினா இழைதான் பூனையைக் கொல்கிறது. பூனையின் நாக்கில் உள்நோக்கிய முட்கள் இருக்கின்றன. வாயில் போன இழையை அது நினைத்தாலும் துப்ப முடியாது, உள்ளேதான் போகும். இழையின் ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொள்ளும், மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே போகும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்கி ஏறுவதுபோலக் குடல் அந்த இழையில் சுருங்கி ஏறும், கடைசியில் இழை குடலை அறுத்துவிடும். பரிசுப் பொட்டலத்தின் ரிப்பன், கேக் பெட்டி கட்டிய நூல் எல்லாம் இதே கதைதான். வாயிலோ பின்பக்கத்திலோ இழை தொங்கினால் இழுக்காதீர்கள். இழுக்கிற இழுப்பில்தான் குடல் கிழியும். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பூனை இருக்கும் வீட்டில் ஜிகினாவே வேண்டாம், காகித ஸ்டாரும் துணி அலங்காரமும் போதும்.

சீரியல் செட் ஒயரைக் கடிப்பது பெரும்பாலும் ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிகள். மலிவான செட்டில் ஒயரின் மேலுறை மெல்லியது, 230 வோல்ட் நேரடியாக ஓடும். ஒயரைச் சுவரோரமாகப் பிவிசி பட்டிக்குள் கொண்டுபோங்கள், தூங்கப் போகும்போது சுவிட்சை மட்டுமல்லாமல் பிளக்கையும் கழற்றுங்கள். வீட்டு மெயினில், மின்கசிவு வந்ததும் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் உயிர் தப்ப வாய்ப்பு அதிகம். ஷாக் அடித்துக் கிடக்கும் குட்டியைத் தொடும் முன் மெயினை அணைக்க வேண்டும். எழுந்து நடமாடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள்: வாயோரத்தில் சாம்பல் நிறத் தீப்புண் இருக்கிறதா என்று பாருங்கள், நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். ஒரு நாள் முழுக்க மூச்சைக் கவனிக்க வேண்டும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைகளிலும் சின்ன விளக்குகளிலும் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் அரை மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகத் தொடங்கும். இதற்கு வாந்தி எடுக்கவைக்கவே கூடாது.

குடில் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சையாக இருக்கட்டும் என்று கேழ்வரகோ நெல்லோ முளைக்கவிடுகிறோம். பூனை அதை மேயும், மேயட்டும். ஆனால் விதைநேர்த்தி செய்த, சாயம் ஏறிய விதையை வாங்கி முளைக்கவிடாதீர்கள். அதில் பூச்சிக்கொல்லியும் பூஞ்சாணக்கொல்லியும் பூசியிருக்கும். சமையலுக்கு வாங்கும் தானியமே போதும். பனிக்காகத் தூவும் தெர்மாகோல் மணிகளுக்குப் பதில் அரிசிமாவு தூவலாம். பூங்கொத்தில் லில்லி இருந்தால் பூனை இருக்கும் வீட்டுக்குள் வரவே வேண்டாம். இலையோ மகரந்தமோ சிறிது நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் போய்விடும். சிவப்பு இலை பாயின்செட்டியாவுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், அதன் பால் பட்டால் வாய் எரியும், எச்சில் வடியும், அவ்வளவுதான்.

இனி வெடி. கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் வெடிக்கும் நேரத்தை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று வரையறுத்தது: இரவு 11.55 முதல் 12.30 வரை மட்டும். ஊரில் பொழுது சாய்ந்ததுமே தொடங்கிவிடுகிறார்கள் என்பது தெரிந்ததே. ஆனாலும் திருப்பலி முடிந்து வருகிற அந்த அரை மணி நேரம்தான் உச்சம் என்பதால், நேரம் தெரிந்த பயம் இது. நேரம் தெரிந்தால் முன்கூட்டியே வேலை செய்யலாம்.

நாய் ஏறக்குறைய 45,000 ஹெர்ட்ஸ் வரையும், பூனை 60,000-க்கு மேலும் கேட்கும். நமக்கு 20,000 வரைதான். நமக்குக் கேட்காத சீறலும் அவற்றுக்குக் கேட்கிறது. 24-ஆம் தேதி மாலை வெளிச்சம் இருக்கும்போதே நாயை நன்றாக நடத்திக் கூட்டிவாருங்கள், ஏழு மணிக்குச் சாப்பாடு, பத்து மணிக்கு வாசலுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கவிடுங்கள். அதன் பிறகு ஒரு மணி வரை வாசல் கதவைத் திறக்க வேண்டாம். வெளியே போகும்போது கழுத்துப் பட்டையும் மார்புப் பட்டையும் இரண்டும் போட்டு, இரண்டிலும் கயிறு கோத்துப் பிடியுங்கள். பயந்த நாய் பின்னோக்கி இழுத்தால் கழுத்துப் பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. பட்டையில் போன் எண் எழுதியிருக்க வேண்டும்.

அறை தெருப்பக்கம் இல்லாமல் வீட்டின் நடுவில் இருக்கட்டும். ஜன்னலை மூடி, கம்பளியோ பழைய மெத்தையோ சாய்த்துவைத்து, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, டிவியில் ஏதாவது சத்தம் இருக்கட்டும். கட்டிலுக்கடியில் பழைய சேலையை விரியுங்கள், நாய் அங்கே போகும். அறைக் கதவைத் தாழிடாதீர்கள், அடைத்துவைத்தால் பிறாண்டி நகம் பெயர்த்துக்கொள்ளும். சங்கிலியில் கட்டவே கூடாது, பயத்தில் துள்ளி சங்கிலியிலேயே தொங்கிப்போகும். பூனை பரணில் ஏறி ஒளிந்தால் அங்கேயே இருக்கட்டும், இழுத்து இறக்காதீர்கள். மணல் தட்டும் தண்ணீரும் பக்கத்தில் வையுங்கள். ஆனால் ஒரு நாளுக்கு மேல் பூனை சாப்பிடாமல் இருந்தால் ஈரல் கெடத் தொடங்கும், மருத்துவரைப் பாருங்கள்.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்ற ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. பயம் என்பது தந்திரமோ கெட்ட பழக்கமோ அல்ல. மடியில் வந்து ஒண்டினால் அணைத்துக்கொள்ளுங்கள், மெதுவாகப் பேசுங்கள். திட்டுவதும் விரட்டுவதும்தான் பயத்தைப் பெருக்கும். மூச்சு வாங்குவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கம் வராத நேரத்துக் கொட்டாவி, ஒடுங்கிய வால் எல்லாம் பயத்தின் தொடக்கம். எச்சில் வடிவதும் உடம்பு நடுங்குவதும் அதற்குப் பிறகு வருபவை.

போன தீபாவளிக்கு நடுங்கிய நாய்க்கு மருந்து தேவைப்படலாம். மருத்துவர்கள் கேபாபென்டின், டிரசோடோன் போன்றவற்றை எடைக்கு ஏற்ப எழுதித்தருவார்கள். இவை வேலை செய்ய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் பத்து மணிக்குக் கொடுத்தால்தான் பன்னிரண்டுக்கு உதவும். நடுங்கத் தொடங்கிய பின் கொடுத்தால் பயன் குறைவு. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்து எவ்வளவு நேரம் நிற்கிறது, தள்ளாடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அசிபுரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அது உடம்பைச் சாய்த்துவிடும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். பார்க்க அமைதி, நாய்க்கு நரகம். மருந்துக்கடையில் நமக்கான தூக்க மாத்திரையை வாங்கிப் பாதி உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

வெடிச் சத்தத்தைப் பழக்க நினைப்பவர்கள் இன்றே தொடங்கலாம், முழுப் பலன் அடுத்த ஆண்டுக்குத்தான். பதிவுசெய்த சத்தத்தை, நாய் காதைக்கூட அசைக்காத அளவு குறைவாக வைத்து, ஐந்து நிமிடம் கோழித் துண்டு ஊட்டிக்கொண்டே கேட்கவிட வேண்டும். நாளுக்கு இரண்டு முறை. அசையாமல் தின்கிறது என்றால் மட்டுமே அடுத்த நாள் சற்று கூட்டலாம். தின்பதை நிறுத்தினால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள், உடனே குறைக்க வேண்டும்.

வீடு வீடாகப் பாட்டுப் பாடிக் கேரல் ரவுண்ட்ஸ் போகும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாய்க்குக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு உடை ஒரு பொருட்டல்ல, முகமூடிதான் பிரச்சினை. முகம் தெரியாத மனிதன், கையில் கோல், பக்கத்தில் டிரம், நேரமோ இரவு பதினொன்று. கட்டிப்போட்ட நாய் ஓட வழியில்லாமல் கடிக்கத்தான் செய்யும். வீட்டாருக்குப் பத்து நிமிடம் முன்பு போனில் சொல்லிவிட்டு, வாசலில் டிரம்மை நிறுத்தி, தாத்தா முகமூடியைத் தூக்கிப் பேசிவிட்டு உள்ளே வந்தால் போதும். வீட்டார் டிரம் தெருமுனையில் கேட்கும்போதே நாயைப் பின்னறைக்குக் கொண்டுபோக வேண்டும். கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசியை 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாட்களில், தசையில் போடும் முறையானால் 14-ஆம் நாளும் சேர்த்து, தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள்.

குட்டி நாயைக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுப்பது பெருகிவருகிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கச் சட்டப்படியே அனுமதி இல்லை. எட்டு வாரம் ஆன குட்டியானாலும், உலகத்தைப் பழகிக்கொள்ளும் அந்த வயதில் புது வீட்டின் முதல் ராத்திரியே அணுகுண்டு வெடித்தால் அந்தப் பயம் ஆயுளுக்கும் நிற்கும். குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ வைரஸ் நோய்க்கான தடுப்பூசியும் அப்போது முழுமையாகியிருக்காது. ஜனவரி முதல் வாரம் கழிந்து கொண்டுவாருங்கள். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டை உள்ளே எடுத்துத் துணி போட்டு, ஒரு சிறு விளக்கை எரியவிட்டால் இருட்டில் மோதிச் சாகாது. காலியாகக் காயும் நான்ஸ்டிக் பாத்திரத்தின் புகை பறவைகளைக் கொன்றுவிடும், கூண்டைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள்.

எவ்வளவு பார்த்தும் நாய் ஓடிவிட்டால் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடாதீர்கள், இன்னும் தூரமாகப் போகும். அது படுத்த துணியையும் சாப்பாட்டுத் தட்டையும் வாசலில் வைத்து, கேட்டைத் திறந்துவிட்டு, அமைதியான பின் தேடுங்கள். சாக்கடைக் குழாய், நின்ற லாரியின் அடி, கட்டி முடிக்காத வீடு, இந்த இடங்களை முதலில் பாருங்கள். பயந்த நாய் கூப்பிட்டாலும் வராது, உட்கார்ந்து காத்திருந்தால் வரும். தெரு நாய்களுக்கும் அன்று இரவு மட்டும் கேட்டைச் சற்றுத் திறந்து வைக்கலாம்.

ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். 11.55 முதல் 12.30 வரை என்ற நேரத்தை டிசம்பர் 23, 24 தேதிகளிலும் 30, 31 தேதிகளிலும் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி வெளியிடுங்கள்; பங்குப் பேரவைகளும் சபைகளும் அதையே ஆலயத்தில் அறிவித்தால் இன்னும் நல்லது. அடுத்து, 25-ஆம் தேதி விடுமுறை. அன்று எந்தெந்தக் கால்நடை மருத்துவமனை, எந்தத் தனியார் கிளினிக் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்ற பட்டியலை மாவட்டவாரியாக, போன் எண்ணோடு, 24-ஆம் தேதி இதழில் போடுங்கள். மாடு, ஆடு வைத்திருப்பவர்களுக்காக 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணையும் சேர்த்து.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்கள் இருவர்,
நாகர்கோவில்